காப்பை அறுத்துவிட்டு எழுதிய ஆங்கிலத் தேர்வு

ஆத்தா மாரியம்மனின் பிள்ளைகளே, என் லைன் சொந்தங்களே! போன சித்திரைத் திருவிழாவில் என் வீட்டில் ஒருவர் செத்துப் பிழைத்தார். அது நானாக இருந்திருக்க வேண்டும். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கேளுங்கள்.

எஸ்டேட் கோயிலின் திருவிழா மலரில் போட, ஆத்தா எனக்குச் செய்ததை எழுதச் சொல்லிக் கோயில் தலைவர் மாரிமுத்து மாமா போன் செய்தார். "நல்லதா எழுதும்மா, படிக்கிறவங்களுக்கு நம்பிக்கை வரணும்" என்றார். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நல்லதாக இல்லை என்றால் மாமா என்னைக் கோபித்துக்கொள்ளட்டும், புதிதா என்ன!

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் புவனா. குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களின் லைன் வீட்டில் வளர்ந்தவள். அம்மா ராசம்மா கொழுந்து பறிப்பவள். அப்பா எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே போய்விட்டார். ஊட்டியில் பி.எஸ்சி. முடித்துவிட்டு எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலை சாம்பிள் பார்க்கும் வேலையில் இருந்தேன். சீனாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் தேயிலையைப் பற்றியே மேல்படிப்பு இருக்கிறது. பாடம் ஆங்கிலத்தில். இடம் கிடைத்தால் படிப்பு, தங்கும் அறை, சாப்பாடு எல்லாம் அவர்கள் செலவு. என் மார்க்கைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். ஆனால் ஆங்கிலத் தேர்வு ஒன்றை எழுதித் தேற வேண்டும் என்றார்கள். வாசிப்பது, கேட்பது, எழுதுவது மூன்றையும் ஒப்பேற்றிவிடுவேன். பேசுவதுதான் வராது. ஆங்கிலத்தில் வாயைத் திறந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

லைனில் சிரிப்பாய்ச் சிரித்தார்கள். "கொழுந்து கிள்ளுறவ மக சீனாவுக்குப் போயி என்னத்தப் பண்ணப் போறா? அங்கயும் கூடையத்தான் மாட்டுவா" என்று எதிர்வீட்டுச் சரோஜா அக்கா என் காதில் விழும்படியே சொன்னார். சரோஜா அக்கா, இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

தினமும் சாயங்காலம் சுவரைப் பார்த்து ஆங்கிலம் பேசிப் பழகினேன். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து கேட்பாள். "நல்லாத்தான் பேசற. ஆனா யாரப் புடிச்சு இந்தத் திட்டு திட்டற?" என்பாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் நான் தடுமாறும் இடம் மட்டும் எப்படியோ தெரிந்துவிடும். அந்த இடத்தில் வெங்காயம் உரிப்பதை நிறுத்துவாள்.

அந்தச் சமயத்தில்தான் ஆத்தாவிடம் வேண்டிக்கொண்டேன். எனக்குப் பேச்சைக் கொடு, இந்தத் திருவிழாவில் காப்புக் கட்டித் தீச்சட்டி எடுக்கிறேன் என்றேன். தேர்வு திருவிழாவுக்கு முன்னாலேயே முடிந்துவிடும் என்பது என் கணக்கு. தேர்வு நாளன்று கோயம்புத்தூர் போய் தேர்வு சென்டர் வாசலில் நின்றால், கம்ப்யூட்டர் கோளாறு, வேறு தேதி தருகிறோம், போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். எப்படியும் இரண்டு மூன்று வாரம் ஆகும் என்று நினைத்துச் செவ்வாய்க்கிழமை கோயிலில் போய்க் காப்புக் கட்டிக்கொண்டேன். வியாழக்கிழமை மெசேஜ் வந்தது. சனிக்கிழமை தேர்வு. அதை விட்டால் அடுத்த தேர்வு பல்கலைக்கழகம் சொன்ன கடைசி நாளைத் தாண்டித்தான்.

காப்புக் கட்டியவர் திருவிழா முடியும்வரை எஸ்டேட் எல்லையைத் தாண்டக் கூடாது. கையில் கட்டிய மஞ்சள் கயிற்றை அவிழ்க்கவும் கூடாது. இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். தலைவர் மாமா வீட்டுக்கு ஓடினேன்.

"மாமா, வெடியக்காலம் போயிட்டு பொழுதோட வந்துடறேனுங்க. ஆத்தாகிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"நீ கேட்டுக்குவ. லைன்ல அம்மை போட்டா, புலி வந்தா யாரு பதில் சொல்றது? உன் சீனாக்காரனா வருவான்? போறதுன்னா போ. ஆனா உங்கம்மா மூஞ்சில நாங்க முழிக்க மாட்டோம், பாத்துக்க."

அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். இத்தனை வருடமும் இவள்தானே தெய்வம் என்று கும்பிட்டேன், வேண்டுதலை வாங்கிக்கொண்டு வழியை அடைப்பதும் இவள்தானா என்று சாமி படத்தின் முன்னால் நின்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். அம்மா என்னைத் தடுக்கவில்லை. விளக்கேற்றினாள். கண்ணை மூடி, உதடு அசைய நெடுநேரம் நின்றாள். பிறகு திரும்பி, "நீ போ. ஆத்தாகிட்ட பேசிட்டேன்" என்றாள். என்ன பேசினாய் என்று கேட்டேன். "உனக்கு மார்க்கு வரணும்னுதான். வேற என்னத்தப் பேசுவாங்க?" என்று சோறு போடப் போய்விட்டாள்.

சனிக்கிழமை முதல் பஸ். காப்புக் கட்டிய கையைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டேன். எல்லைப் பாலம் தாண்டும்போது கண்ணை மூடியவள், மலை இறக்கத்தில் பர்லியாரில் வெயில் முகத்தில் அடித்தபோதுதான் திறந்தேன்.

சென்டர் வாசலில் ஒரு அக்கா எல்லாரையும் சோதித்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். கம்மல், வாட்ச், கிளிப் எல்லாவற்றையும் கழற்றி ஒரு தட்டில் போட வேண்டும். என் கையைப் பார்த்தார்.

"இது சாமி காப்புங்க அக்கா. அவுக்கக் கூடாதுங்க."

"எந்தச் சாமியா இருந்தாலும் ரூல்ஸ் ரூல்ஸ்தானுங்க. கையில கயிறு இருந்தா உள்ள உட மாட்டாங்க. ஓரமா நின்னு ரோசன பண்ணுங்க, பின்னால ஆளுக நிக்கறாங்கல்ல."

ஓரமாக நின்றேன். என் பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். முடிச்சு மஞ்சளில் இறுகிக் கிடந்தது, நகத்துக்கு வரவில்லை. கடைசியில் அந்த அக்காவே கத்தரிக்கோலை எடுத்து வந்தார். "நான் வெட்டினா பாவம். நீங்களே வெட்டிக்கங்க" என்று நீட்டினார்.

அந்த நிமிடத்தில் நான் வேண்டியதை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன். "ஆத்தா, எல்லை தாண்டினவள் நான். அறுக்கப் போகிறவளும் நான். தண்டனை உண்டென்றால் எனக்குக் கொடு. என்னோடு நிறுத்திக்கொள்." இதைச் சொல்லிவிட்டுத்தான் வெட்டினேன்.

உள்ளே வாசித்தேன், கேட்டேன், எழுதினேன். பேச்சு வந்தது. காதில் ஹெட்போன், வாய்க்கு முன்னால் மைக். சுற்றிலும் இருபது முப்பது பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். என் நாக்கு வழக்கம்போல் மேலண்ணத்துக்குப் போனது. அப்போது திரையில் கேள்வி வந்தது. உங்கள் ஊரில் கடைப்பிடிக்கும் ஒரு வழக்கத்தைப் பற்றிச் சொல்லுங்கள், அதை மீறினால் என்ன ஆகும்?

வெறும் கையைப் பார்த்தேன். கயிறு இருந்த இடத்தில் மஞ்சள் கறை. பேச ஆரம்பித்தேன். யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்டதுபோல் வார்த்தை வந்தது. காப்பு என்றால் என்ன, எல்லை என்றால் என்ன, ஒருத்தி தாண்டினால் ஊர் அவள் வீட்டை என்ன செய்யும், எல்லாவற்றையும் ஆத்திரம் ஆத்திரமாகச் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். நேரம் முடிந்து மைக் தானாக அணைந்தபோதும் பேசிக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்வியைக் கேட்டது கம்ப்யூட்டர் இல்லை. ஆத்தாதான். இதை எவர் வந்து மறுத்தாலும் ஒப்ப மாட்டேன்.

வெளியே வந்து போனை வாங்கினால் எஸ்டேட் சூப்பர்வைசர் பலமுறை கூப்பிட்டிருந்தார். அம்மா குன்னூர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

நம் பெண்கள் கொழுந்துக்குக் கூட்டமாகத்தான் போவார்கள். வீட்டுக்கு வீடு கூப்பிட்டு, சத்தம் போட்டுப் பேசிக்கொண்டே நடப்பார்கள். அந்தச் சத்தத்துக்குக் காட்டுமாடு ஒதுங்கிவிடும். நான் எல்லை தாண்டியது தெரிந்து, அன்று யாரும் என் அம்மாவைக் கூப்பிடவில்லை. அவள் வாசலில் கூடையோடு நின்று பார்த்துவிட்டு, எல்லாரும் போன பிறகு தனியாக நடந்திருக்கிறாள். சத்தமில்லாமல் திருப்பத்தில் திரும்பியிருக்கிறாள். மாடு அங்கே நின்றது. தூக்கி வீசியதில் வலது தோளும் முழங்கையும் நொறுங்கிவிட்டன.

மறுநாள் லைனே ஆஸ்பத்திரிக்கு வந்தது. எலுமிச்சம்பழம், குங்குமம், திருநீறு. சரோஜா அக்கா அம்மாவின் நெற்றியில் பூசிவிட்டுச் சொன்னார்: "ஆத்தா கணக்க முடிச்சிட்டா ராசம்மா. இனி நமக்குள்ள ஒண்ணும் இல்ல. எப்பவும்போலப் பேசிக்கலாம்."

எனக்கு வந்த கோபத்துக்கு ஆஸ்பத்திரி அதிர்ந்தது. "எந்த ஆத்தா? கூடக் கூட்டிட்டுப் போயிருந்தா அந்த மாடு கிட்ட வந்திருக்குமா? நீங்க பண்ணினதுக்கு அவ பேரச் சொல்றீங்களா?" என்று கத்தினேன். அம்மாதான் பதில் சொன்னாள்.

"அவங்கள ஏன்டி வையுற? நாந்தான் அன்னிக்கு ஆத்தாகிட்ட கேட்டேன். எம் பொண்ணு எல்லை தாண்டுறா, அவளுக்கு மார்க்கக் குடு, தண்டனைய எனக்குக் குடுன்னேன். தண்டனையக் குடுத்துட்டா, மார்க்கையும் குடுத்துருவா. சும்மா சொல்லக்கூடாது, வாக்குத் தவறாதவ."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் கும்பிடப் பார்த்தாள். முடியவில்லை. இடது கையை மட்டும் நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

மார்க் வந்தது. நான்கில் பேச்சில்தான் அதிகம். இடமும் வந்தது. அம்மாவின் கை கோணலாகக் கூடியிருக்கிறது, இனிமேல் கொழுந்து பறிக்க முடியாது. கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் தொட்டில் ஆட்டும் வேலை கொடுத்திருக்கிறார்கள். ஒற்றைக் கையால் ஆட்டுகிறாள். லைன் பெண்கள் இப்போது தினமும் அவளைக் கூட்டிக்கொண்டுதான் போகிறார்கள். அதற்காக நன்றி சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டேன்.

இங்கே சீனாவில் என் அறை ஜன்னலைத் திறந்தால் தேயிலைச் சரிவு. தினமும் காலையில் ஆத்தாவைக் கும்பிட்டுவிட்டுத்தான் வகுப்புக்குப் போகிறேன். முன்பு பயத்தில் கும்பிட்டேன், இப்போது அவள் கேட்கிறாள் என்று தெரிந்து கும்பிடுகிறேன். என் வாழ்க்கையில் வந்த மாற்றம் அதுதான். நீங்களும் நம்பிக் கேளுங்கள். ஆத்தா இருக்கிறாள், காது கொடுக்கிறாள், கேட்டதைத் தருகிறாள். தண்டனையை எனக்குக் கொடு என்று நானும் கேட்டேன், என் அம்மாவும் கேட்டாள். ஆத்தா அம்மாவின் பேச்சைத்தான் ஏற்றுக்கொண்டாள்.