பதினோரு வருஷம் பின்னால் பறந்தவள்

போல்ட் பட்டறையில் மூட்டையோடு திரும்பிய சக தொழிலாளி கெங்கின் தோள், குய்லியானின் மார்பில் லேசாகப் பட்டது. அவ்வளவுதான். ஐம்பத்தொரு வயது குய்லியான் தத்தித் தத்திப் பின்னால் போய் அட்டைப்பெட்டி அடுக்கின்மேல் விழுந்தாள். போல்ட்டுகள் தரையெங்கும் உருண்டன.

"என்னக்கா, இத்தனை வருஷமா தாய்ச்சி பழகுறே, ஊதினாலே பறந்துட்டியே!" என்றான் கெங். பட்டறையே சிரித்தது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் தள்ளவே இல்லை. அவள் உடம்பு தானாகக் குதித்தது. அது யார் பழக்கிய குதிப்பு என்றும் தெரியும்.

சீனாவின் குவாங்ஃபூ கோட்டை அகழிக்கரையில், தாய்ச்சி என்ற அந்த நிதானமான தற்காப்புக் கலையைப் பழகப் பதினோரு வருஷம் நின்றிருக்கிறாள். தண்ணீர் உறைந்த காலையிலும் ஒரு மணி நேரம், மரம்போல. உச்சந்தலையை நூல் கட்டித் தூக்கியதுபோல் வை, தோளைத் தொங்கவிடு, மூச்சை அடிவயிற்றுக்கு இறக்கு, எதிராளியின் கை என்ன செய்யப்போகிறது என்று தோலால் கேள். அதெல்லாம் பொய்யில்லை. மூட்டை தூக்கி ஒருநாள்கூட அவளுக்கு இடுப்பு பிடித்ததில்லை.

ஆனால் பயிற்சி முடிவில் ஆசான் லுவான், அவளைவிடப் பத்து வயது இளையவர், ஒவ்வொருவரையும் தொடுவார். தொட்டதும், அவர் சக்தி தூக்கி எறிந்ததுபோல் பின்னால் பறக்க வேண்டும். மூத்த மாணவன் ஃபான் முதல் நாளே காதோடு சொல்லிவிட்டான்: "கை பட்டதும் குதிச்சிடுங்கக்கா. அசையாம நின்னா ஆசானுக்கு அவமானம்."

குதித்தாள். தினமும் ஒரு மணி நேரம் வேர்விட்டு, கடைசியில் அதைத் தானே பிடுங்கிப் போட்டிருக்கிறாள். யாரை நோவது? குதித்தது அவள் கால்தானே? அதை நினைக்க நினைக்க இன்னும் கொதித்தது. இந்தப் பதினோரு வருஷத்தில் நிஜம் எவ்வளவு?

மறுநாள் காலை, பயிற்சியைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் சிலர் வந்திருந்தபோதே, ஆசான் முன் போய் நின்றாள்.

"இன்னிக்குக் குதிக்க மாட்டேன் ஆசானே. நிஜமாத் தள்ளுங்க."

"அக்கா, வெளியூர்க்காரங்க பாக்குறாங்க," என்று ஃபான் பல்லைக் கடித்தான்.

"பாக்கட்டும். நேத்து பட்டறையே பாத்துச்சு."

லுவான் சிரித்தபடி தொட்டார். அவள் அசையவில்லை.

"கோபமா வந்திருக்கீங்க. மூச்சு மார்லயே நிக்குது."

"அப்போ தள்ளுறது சுலபம்தானே?"

லுவானின் முகம் சிவந்தது. கை அவள் முன்கையில் ஊர்ந்து எதையோ தேடியது. தோலால் கேட்டாள். கேட்கக் கற்றுத்தந்ததும் அவர்தான். அந்தக் கைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. குதிக்காத ஆளை அது தள்ளியதே இல்லை.

சட்டென்று தோளைக் கொடுத்து முட்டினார். அவள் இரண்டடி பின்னால் போனாள். குதிகால் செங்கல்லில் இடித்து வலித்தது. பறக்கவில்லை. அவருக்கு மூச்சு வாங்கியது.

"இதான் நீங்க என்னைத் தள்ளின முதல் தடவை," என்றாள். கோபம் தணியவில்லை. பழைய இடத்துக்கே வந்து கால்களை ஊன்றி, மார்பில் நின்ற மூச்சை மெல்லக் கீழே இறக்கினாள்.

லுவான் ஃபானைப் பார்த்தார். ஃபான் அகழித் தண்ணீரைப் பார்த்தான்.

"இன்னொரு தடவை கை வைங்க ஆசானே. வேலைக்கு நேரமாகுது."