பேட்டரிக்கு வைத்த பொட்டு

நான் ஐந்தாவதோடு நின்றவள். பத்திரிகைக்கு எழுதக் கூச்சமாக இருந்தாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தில்லி மயூர் விஹாரில் மகன், மருமகளோடு இருக்கிறேன். மருமகள் கல்பனா தன் லேப்டாப்புக்குப் புது பேட்டரி வாங்கி வந்தாள். மறுநாள் சாயங்காலம் லக்னோவுக்கு ரயில். அடுத்த நாள் மீட்டிங்குக்கான வேலையை ரயிலில்தான் முடிக்க வேண்டும். புதுச் சாமானாயிற்றே என்று, அவள் குளிக்கப் போன சமயம் அதைச் சாமி முன் வைத்துச் சந்தனப் பொட்டு வைத்தேன்.

புறப்படும் அவசரத்தில் கல்பனா அதை மாட்டினாள். பேட்டரியே இல்லை என்றது கம்ப்யூட்டர். கழற்றி மாட்டினாள், அணைத்துப் போட்டாள். அசையவில்லை. கடைக்காரரை போனில் பிடித்து, “பையா, கல் ஹி லியா ஹை!” என்று, நேற்றுதானே வாங்கினேன் என்று இந்தியில் சத்தம் போட்டாள். பிறகு, “மாத்திட்டு வரேம்மா. ரயிலை விட்டாலும் விட்டதுதான்” என்று செருப்பை மாட்டினாள்.

நான் வாசலில் குறுக்கே போய் நின்றேன். “அதுக்குப் பொட்டு வச்சேம்மா... ஓரத்துல தகடு பளபளன்னு இருந்துது, அதுதான் முகம்னு நினைச்சேன்.”

“ஐயோ, அது முகமில்லம்மா, வாய்! தான் யாரு, எவ்வளவு சார்ஜ் இருக்குன்னு அது வழியாத்தான் கம்ப்யூட்டர்கிட்ட சொல்லும். சந்தனத்தால அடைச்சுட்டீங்களே!” என்று சிரித்துவிட்டாள்.

உலர்ந்த பஞ்சால் துடைத்து மாட்டினாள். கம்ப்யூட்டரில் விளக்கு எரிந்தது. உயிரில்லாத ஒரு டப்பா தன்னைப் பற்றிச் சொல்கிறது, இன்னொன்று கேட்டுக்கொள்கிறது! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அவள் ரயிலுக்குப் போன பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போதெல்லாம் அட்டைப்பெட்டிக்குத்தான் பொட்டு. அதற்கும் முன்னால், “இதுக்கு வாய் எங்கேம்மா இருக்கு?” என்று கல்பனாவிடம் கேட்டுக்கொள்கிறேன்.