நாற்காலியும் ஹாரனும்

எங்கள் தெருவில் முதலில் கார் வாங்கியவள் நான். இரண்டு கை மாறி வந்த பழைய சின்ன வண்டி. சாவி போடாமலே ஹாரன் கத்தும். ஆனாலும் என் சம்பளத்தில் வாங்கியது. அந்தத் திமிர் எனக்கு இருந்தது, இன்றும் இருக்கிறது.

ஊர் குடவாசல் பக்கம். அப்பா பண்ணையில் கூலி வேலை பார்த்தவர். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதற்காகச் சிறைக்குப் போனவர். பிறகு உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையிடமிருந்து எடுத்த நிலத்தைப் பிரித்துக் கொடுத்தபோது அவர் பேருக்கு ஒரு ஏக்கர் கிடைத்தது. அதில் விளைந்த குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட, என்ன பயிர் வைத்தோம் என்று காட்டும் அடங்கல் நகல் வேண்டும், அதில் கிராம அலுவலர் கையெழுத்தும் வேண்டும். திருவாரூரில் டீச்சராக இருந்த நான் ஒருநாள் லீவு போட்டுவிட்டு, நாலு வயது மகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

அலுவலகத்துக்கு எதிரே புங்கமர நிழலில் வண்டியை நிறுத்தினேன். மகள் அரைத் தூக்கத்தில் இருந்தாள். "அம்மா ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன். கதவத் தொடக் கூடாது, சரியா?" என்றேன். பஸ் போகிற சாலை, தலையை வெளியே நீட்டிவிடுவாள் என்று பயந்து கண்ணாடியை முழுக்க ஏற்றிப் பூட்டினேன்.

கையெழுத்து இரண்டே நிமிடத்தில் கிடைத்துவிட்டது. தப்பு அதற்குப் பிறகுதான் நடந்தது. அலுவலர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க டீச்சர், டீ சொல்றேன்" என்றார்.

இதே கட்டடத்தின் படிக்குக் கீழே, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அரை நாள் நின்றிருக்கிறார் அப்பா. சுவரில் முதலமைச்சர் படம் மாறி மாறி வந்ததே தவிர, அவரை உள்ளே கூப்பிட்டவர் இல்லை. நான் உட்கார்ந்தேன். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நாற்காலியில் இருந்தவரை எனக்குப் பிள்ளை நினைப்பே இல்லை.

அப்போதுதான் ஹாரன் கேட்டது, நிறுத்தாமல், ஒரே இழுப்பாக.

ஓடினேன். நிழல் நகர்ந்துபோய், புரட்டாசி வெயில் நேராக வண்டியின் மேல் விழுந்திருந்தது. பக்கத்து வயலில் நடவு நட்ட பெண்கள் சேற்றுக் காலோடு வண்டியைச் சூழ்ந்து நின்றார்கள். ஒருவர் கையில் கருங்கல். உள்ளே என் மகள் டிரைவர் சீட்டில் முட்டி போட்டு, இரண்டு கையாலும் ஹாரனை அமுக்கிக்கொண்டிருந்தாள். முகம் சிவந்து, சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தேன்.

மகளை வெளியே தூக்கிய பிறகும் கல் வைத்திருந்தவர் விடவில்லை. "இன்னும் செத்த நேரம் போயிருந்தா கண்ணாடிய ஒடச்சிருப்பேன். நாங்களும் மரத்துல தூளி கட்டிப் புள்ளயப் போட்டுட்டுதான் நடுறோம். நெழலு நவுருதான்னு பாத்துக்கிட்டேதான நடுவோம்? படிச்ச புள்ள, ஒனக்கு இது தெரியலையே!"

அப்படி ஒரு தூளியில் கிடந்து வளர்ந்தவள்தான் நானும். அவர்கள் தந்த தண்ணீரை மகளுக்குப் புகட்டிவிட்டு, சாலையோரத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

"கதவத் தொடக் கூடாதுன்னு சொன்னியே, அதான் ஹாரன் அடிச்சேன். எல்லாரும் ஓடி வந்தாங்கம்மா" என்றாள் மகள்.

எங்கள் ஆட்கள் வாய் திறந்ததற்கே அடிபட்ட ஊர் அது. அங்கே நாலு வயதில் ஒரு வயலையே கரையேற வைத்தவள் என் மகள். நாற்காலி கிடைத்த பெருமை அன்றோடு போயிற்று. இந்தப் பெருமை போகவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லிவிடுவேன்.

மகளும் பக்கத்தில் இருந்து முழுக்கக் கேட்பாள். கடைசியில், "டீ குடிச்சத விட்டுட்டியேம்மா, அதையும் சொல்லு" என்பாள்.