மழைக்கு ஒரு வண்டி

தண்ணீரில் நின்றுபோன வண்டிக்கு செல்ஃப் அடிக்காதே என்று தொண்டை கிழியச் சொல்லியே எனக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. உத்திரமேரூரில் பதினெட்டு வருஷமாக டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன். ஐப்பசி பிறந்தால் பத்துப் பேராவது என்ஜினுக்குள் தண்ணீரை இழுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். வாய்க்கு வந்தபடி திட்டித்தான் கையில் ஸ்பானரை எடுப்பேன். போன வருஷம் அப்படி வந்து நின்றவள் என் அக்கா பரிமளா. அவளையும் திட்டினேன்.

கூடப் பிறந்தவள் இல்லை, பெரியப்பா மகள். எட்டாவது முடித்த கையோடு நாற்று நட இறங்கியவள். முப்பத்தேழு வயது வரைக்கும் அந்தச் சேற்றை விட்டு வெளியே வரவில்லை. அவள் புருஷன் ஞானதாஸ் மாமாவுக்கு நெல் மூட்டை தூக்கி இடுப்பு போனதும், எட்டாவது சர்டிபிகேட்டைத் தேடி எடுத்துக்கொண்டு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் போய் நின்றாள். காருக்குள் போகிற ஒயர்களைக் கட்டுக் கட்டாகப் பின்னும் வேலை. காண்ட்ராக்ட்தான். ஒரு மாதத்தில் மூன்று நாள் வரவில்லையென்றால் பேரை அடித்துவிடுவார்கள். அந்தச் சம்பளத்தில்தான் மகள் சுகிர்தா செங்கல்பட்டில் நர்ஸிங் படிக்கிறாள்.

கம்பெனி பஸ் விடிகாலை ஐந்து நாற்பதுக்கு மெயின் ரோட்டுக்கு வரும். ஊருக்கு வெளியே இருக்கிற எங்கள் காலனியிலிருந்து அங்கே மூன்றரை கிலோமீட்டர். அதற்காகவே நாற்பது வயதில் ஸ்கூட்டர் பழகினாள். பள்ளிக்கூட மைதானத்தில் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியவன் நான்தான். இரண்டு முறை விழுந்தாள். மூன்றாவது முறை விழுந்தபோது எழுந்து வந்து என் முதுகில் ஒன்று வைத்தாள், நான் கையை விட்டுவிட்டேனாம். மறுநாள் தனியாக ஓட்டினாள். மகளிர் குழுக் கடனில் வாங்கிய அந்தச் சிவப்பு ஸ்கூட்டரை ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவதற்கு முன் துடைத்து வைக்காமல் அவள் தலை வாரியது கிடையாது.

வருஷத்தில் ஒன்பது மாதம் ஒரு தொல்லையும் இல்லை. மழை வந்தால்தான் பேஜார். காலனிக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவே ஏரியின் உபரித் தண்ணீர் போகிற ஓடை. அதன் மேல் ஒரு தரைப்பாலம், முழங்கால் உயரம்கூட இல்லாதது. ஏரி நிரம்பிவிட்டால் பாலத்தின் மேலேயே தொடையளவு தண்ணீர் போகும். ஒவ்வொரு எலெக்ஷனுக்கும் உயரமான பாலம் கட்டித் தருகிறோம் என்று டேப் வைத்து அளந்துகொண்டு போவார்கள். அந்த டேப்பையே இரண்டு மடிப்பு போட்டு ஓடையின் குறுக்கே கட்டியிருந்தால்கூட இத்தனை வருஷத்தில் நாலு பேர் பிடித்துக்கொண்டு தாண்டியிருப்பார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. ஏரிக்கரை மேலே போய், ஊருக்குள் இறங்கி, மேலத்தெரு வழியாக மெயின் ரோடு. நல்ல சிமெண்ட் ரோடு, சொட்டுத் தண்ணீர் நிற்காது. ஆனால் மேலத்தெருவில் காலனிக்காரர்கள் வண்டியில் உட்கார்ந்து போவதில்லை. போர்டு ஒன்றும் வைக்கவில்லை. அடிக்கவும் மாட்டார்கள், அதெல்லாம் அப்பா காலத்தோடு சரி. தெருமுனை வந்ததும் நாங்களாகவே இறங்கித் தள்ளிக்கொண்டு போவோம். தெரு முக்கால் கிலோமீட்டர் நீளம். அக்காவுக்குக் கர்ப்பப்பை எடுத்த உடம்பு, பாரம் தள்ளக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நூறு கிலோ ஸ்கூட்டரை அவளால் தள்ள முடியாது. ஆகவே அப்படி ஒரு வழியே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அப்படித்தான் வைத்துக்கொண்டிருந்தோம்.

போன வருஷம் தரைப்பாலத்தில் ஸ்கூட்டர் நின்றது. பஸ் போய்விடுமே என்ற பதற்றத்தில் செல்ஃப் அடித்தாள், என்ஜின் தண்ணீர் குடித்தது. வண்டியைச் சரிசெய்ய ஒன்பது நாள் ஆனது. பேரை அடித்துவிட்டார்கள். மறுபடி சேர்த்துக்கொள்ள இரண்டு மாதம் கெஞ்ச வேண்டியிருந்தது. “இன்னொரு தபா வுட்டா இந்த கேட்டாண்டையே வராத” என்று சூப்பர்வைசர் சொல்லி அனுப்பினான்.

இந்த வருஷம் புரட்டாசியிலேயே அக்கா என் கடைக்கு வந்துவிட்டாள்.

“டேய் ஏசு, மயைக்கின்னு ஒரு வண்டி வோணும்டா. பழசா இருந்தா போதும். அழகெல்லாம் வாணாம். தண்ணில நிக்கக் கூடாது, நின்னா நானே தூக்கிக்கினு வரணும்.”

“ஒரு வண்டிக்கு டியூ கட்டவே நாக்கு தள்ளுது, ரெண்டாவதா?”

“வேல போச்சின்னா அந்த டியூவ யாரு கட்டுவா? வாய மூடிக்கினு வண்டியப் பாரு.”

சரி, பார்ப்போம் என்று எனக்கும் வேகம் வந்துவிட்டது. மழை வண்டி என்றால் அதற்கு ஒரு லட்சணம் உண்டு. ஸ்கூட்டரில் பெல்ட் இருக்கிற பெட்டி கீழே இருக்கும், அதில் தண்ணீர் போனால் அவ்வளவுதான். மழைக்கு மொபெட்தான் சரி. எடை குறைவு, உதைத்தால் கிளம்பும், சைலன்சரை வெல்டிங் வைத்து மேலே தூக்கிவிடலாம், பிளக் மூடிக்குக் கிரீஸ் தடவி விட்டால் தொடையளவு தண்ணீரிலும் இருமிக்கொண்டே கரையேறிவிடும்.

மூன்று வாரம் தேடினோம். காவாந்தண்டலத்தில் ஒரு மீன்காரர் மொபெட் வைத்திருந்தார். ஐஸ் தண்ணீர் ஒழுகி ஒழுகிச் சேசிஸ் அப்பளமாகிவிட்டது. “நல்ல வண்டி சார், கம்பீரமா நிக்கும்” என்றார். விரலால் அமுக்கினேன், விரல் உள்ளே போனது. பழையசீவரத்தில் ஒரு புரோக்கர் பைக் ஒன்றைக் காட்டினான். தண்ணீர் கேன் ஏற்றி ஏற்றி முன் ஃபோர்க் வளைந்திருந்தது. ரோட்டில் நேராகப் போக அது ஹாண்டிலைக் கோணலாகப் பிடிக்கச் சொன்னது. “பொம்பளதான ஓட்டப்போறாங்க, மெல்லத்தான போவாங்க” என்றான் புரோக்கர். அக்கா அவனை ஒரு பார்வை பார்த்தாள். மீதியை நான் பேசினேன். அதை இங்கே எழுத முடியாது.

கடைசியில் எங்கள் ஊரிலேயே ஒன்று இருப்பது தெரிந்தது. மேலத்தெரு வேதகிரியின் மொபெட். எட்டு ஏக்கர் நிலம் உள்ளவர், அக்கா வருஷக்கணக்கில் அவர் கழனியில்தான் நட்டாள். கெட்ட மனுஷர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவர் மகன் தினேஷ்குமார் புது பைக் வாங்கியதால் மொபெட்டைக் கொடுத்துவிடலாம் என்றிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து இரண்டு பேரும் என் பைக்கில் போனோம். தெருமுனையில் இறங்கினோம். நான் தள்ளினேன், அக்கா பக்கத்தில் நடந்தாள். அன்றைக்கு அதில் ஒன்றும் விசேஷமாகத் தெரியவில்லை.

வண்டி தங்கம். மாட்டுக்குப் புல் கட்டி வந்த வண்டி, பின்னால் கேரியர்கூடக் கெட்டியாக இருந்தது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், செயினை இழுத்துப் பார்த்தேன், அதட்டலாக ஒரு குறை சொல்லலாம் என்று தேடினேன், கிடைக்கவில்லை. எட்டாயிரம் கேட்டார், ஏழுக்கு ஒத்துக்கொண்டார். அக்கா பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஆர்.சி. புக்கும் சாவியும் கைக்கு வந்தன.

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அதில் ஏறி உட்கார்ந்தாள். இரண்டாவது உதையில் கிளம்பியது. அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் ஸ்கூட்டர் வாங்கிய அன்றைக்குத்தான் பார்த்திருக்கிறேன்.

“அட, பரிமளா, இங்க வாணாம்மா” என்றார் வேதகிரி. நல்லபடியாகத்தான் சொன்னார், குரலை உயர்த்தவில்லை. “தெருமுன வரிக்கும் ஏசுவ தள்ளிக்கினு வர சொல்லு, அங்க ஏறிக்கோ. எனக்கு ஒண்ணும் இல்ல. கோயிலாண்ட நாலு பேரு உக்காந்துகினு கீறாங்க. இன்னாத்துக்கு வீண் பேச்சு?”

நான் மொபெட்டின் ஹாண்டிலைப் பிடித்துவிட்டேன். யோசிக்கவே இல்லை. அவர் சொல்லி முடிப்பதற்குள் என் கை அங்கே போய்விட்டது. இதை எழுதும்போதும் அந்தக் கையைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது.

அக்கா இறங்கவில்லை. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

“காசு குட்த்துட்டேன் இல்ல நைனா?”

“குட்த்துட்ட. வண்டி உன்னுதுதான், நான் இல்லன்னா சொல்றேன்?”

“நேத்து வரிக்கும் இதுல இன்னா ஏத்திக்கினு போனீங்க?”

“புல்லுதான். ஏன்?”

“உங்க வூட்டு மாட்டுக்குப் போற புல்லு இந்த சீட்டு மேல உக்காந்துகினு இந்தத் தெருவுலதான போச்சு. அத யாரும் எறக்கித் தள்ளச் சொல்லல. நான் உக்காந்தா பேச்சா?”

வேதகிரிக்கு முகம் சுருங்கிவிட்டது. “நீ இன்னாம்மா, அதயும் இதயும் சேத்துப் பேசற. நம்ம நடைமுறை உனக்குத் தெரியாதா?”

அக்கா என்ஜினை நிறுத்தினாள். அப்போதுதான் இறங்கினாள். சாவியை எடுத்து ஆர்.சி. புக்கின் மேல் வைத்து அவர் கையில் கொடுத்தாள்.

“காச குடுங்க நைனா. எனக்கு வண்டி வாணாம்.”

“பரிமளா, வண்டி நல்ல வண்டிம்மா.”

“வண்டி நல்ல வண்டிதான்.”

பணத்தை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். நான் என் பைக்கைத் தள்ளிக்கொண்டு பின்னால் ஓடினேன். முனைக்கு வந்ததும் வெடித்தேன். மூன்று வாரம் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அலைந்திருக்கிறேன், ஊரில் ஒரே நல்ல வண்டி இதுதான், வானம் இருட்டிக்கொண்டு வருகிறது, கோபத்தை மழை முடிந்த பிறகு காட்டக் கூடாதா என்று கத்தினேன். அவள் என் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். காலனி வந்ததும் ஒன்றுதான் சொன்னாள்.

“தண்ணில போறதுக்கு வண்டி தேடினோம். தண்ணி இல்லாத ரோடு அங்கியே கெடக்குது. நம்ம ரெண்டு பேருக்கும் புத்தி எங்கடா போச்சு?”

எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. சேசிஸ் பார்த்தேன், செயின் பார்த்தேன், பிளக் பார்த்தேன். பதினெட்டு வருஷமாக மேலத்தெருக்காரன் வண்டியை எல்லாம் கழற்றி மாட்டி, வீட்டில் கொண்டுபோய் விடும்போது சரியாக ஓடுகிறதா என்று அதே தெருவில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அவன் வண்டி என்றால் உட்கார்ந்து ஓட்டுவேன். என் வண்டி என்றால் இறங்கித் தள்ளுவேன். இந்தக் கூத்து ஒரு நாள்கூட எனக்கு உறைக்கவில்லை.

நவம்பரில் ஏரி நிரம்பியது. ஒரு திங்கட்கிழமை விடிகாலை நாலே முக்காலுக்கு மாமா ஞானதாஸ் எனக்கு போன் பண்ணினார். “ஏசு, பாலம் முழுவிட்ச்சு. இவ ஸ்கூட்டர எட்த்துக்கினு மேலத்தெருவுல போறேங்கறா. நீயாச்சும் சொல்லேன்.” பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். அக்கா மழைக்கோட்டு போட்டுக்கொண்டு தயாராக இருந்தாள். மாமா ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தார். “எதுனா ஆய்ட்ச்சின்னா?” என்று கேட்டார். “இந்த மாசம் ரெண்டு நாளு ஜொரத்துல போச்சு. இன்னிக்கும் போனா மூணு. அப்பறம் சுகிர்தாவ காலேஜ்லருந்து இட்டுக்கினு வந்துடு” என்றாள். மாமா கையை எடுத்தார்.

நான் அவள் பின்னால் என் பைக்கில் போனேன். தூறல். ஏரிக்கரை மண் வழுக்கியது. மேலத்தெரு முனை வந்தது. அவள் லைட்டைப் போட்டபடி உள்ளே போய்க்கொண்டே இருந்தாள். என் கால் தானாகத் தரையில் இறங்கிவிட்டது. பைக் நின்றுபோனது.

பத்தடி தள்ளி அவள் நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். “இன்னாடா, வண்டி நின்னுப்போச்சா?”

“இல்லக்கா. வண்டி நல்லாத்தான் கீது” என்றேன். காலைத் தூக்கி வைத்தேன்.

அவள் வேகமாகப் போகவில்லை. வேகமாகப் போனால் பயந்து ஓடுகிறாள் என்று நினைப்பார்களாம், பிற்பாடு சொன்னாள். பால் கேனோடு நின்ற இரண்டு பேர் வாயைத் திறந்தபடி பார்த்தார்கள். கோயிலருகே ஒருவன், “ஏய், எறங்கிப் போ!” என்று கத்தினான். அவள் ஹாரன் அடித்தாள், நாய் குறுக்கே வந்தால் அடிக்கிற மாதிரி. வேதகிரி வாசலில் பிரஷ்ஷோடு நின்றிருந்தார். என் நெஞ்சு அடித்த அடியில் என் என்ஜின் சத்தமே எனக்குக் கேட்கவில்லை.

மெயின் ரோட்டில் பஸ் வர ஒன்பது நிமிஷம் பாக்கி இருந்தது. அந்த ஒன்பது நிமிஷமும் அக்கா நடுங்கிக்கொண்டிருந்தாள். குளிர் என்றாள்.

பிறகு என்ன ஆனது என்று கேட்பீர்கள். பஞ்சாயத்து பேச வேண்டும் என்று ஆள் அனுப்பினார்கள். தெருவில் வண்டியில் உட்கார்ந்து போகக் கூடாது என்று எழுதிக் கொடுங்கள், கலெக்டர் ஆபீஸில் காட்டிவிட்டு வருகிறேன் என்று அக்கா சொல்லி அனுப்பினாள். எழுதித் தர ஒருவனும் வரவில்லை. மேலத்தெரு வண்டிகள் என் கடைக்கு வருவது நின்றது. மார்கழி வரைக்கும் மழை இருந்தது, அக்கா ஒரு நாள்கூட லீவு போடவில்லை. நானும் அந்தத் தெருவில்தான் போகிறேன். தெருமுனையில் இன்னும் ஒவ்வொரு நாளும் கால் இறங்கப் பார்க்கிறது. ஒவ்வொரு நாளும் அதைத் திட்டித்தான் மேலே வைக்கிறேன்.

தை மாதம் தினேஷ்குமார் அந்த மொபெட்டைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தான். மூன்று மாதமாகச் சும்மா நின்றதில் கார்பரேட்டர் அடைத்துக்கொண்டிருந்தது. உத்திரமேரூரில் வேறு யாரும் அதைச் சரியாகப் பார்க்க மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். திட்டாமல் வாங்கிக்கொண்டேன், அதுவே எனக்குப் பெரிய விஷயம். சுத்தம் செய்து உதைத்துக் காட்டினேன். அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“அண்ணா, நைனா கேக்க சொன்னாரு. ஆறாயிரத்துக்கே குட்த்துடறாராம். அக்கா மயைக்கி வேற வண்டி எதுனா வாங்கிட்டாங்களா?”

“வாங்கல” என்றேன். “அவளுக்கு ஒரு வண்டியே போதுமாம்.”