பாட்டில் பொறுக்கப் போனோம்

ஹைதராபாத் மாரெட்பள்ளியில் எங்கள் வீட்டு முக்கில் அடிக்கடி இரண்டு ஸ்கூட்டர்கள் முட்டிக்கொள்ளும். வந்த புதிதில் சத்தம் கேட்டதும் பால்கனிக்கு ஓடுவேன். விழுந்தவன் எழுந்து பேண்டைத் தட்டிக்கொண்டு, "தேக்கே சலாவ் பாய்" என்பான், பார்த்து ஓட்டுப்பா என்று, சலிப்பாக. இடித்தவன் "ஹவ், ஹவ்" என்று ஆமாம் போடுவான். அவ்வளவுதான், ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். எனக்குச் சப்பென்று ஆகிவிடும். இதென்ன ஊர், சண்டை போடக்கூடத் தெரியாத ஊர் என்று என் மனைவியிடம் அலுத்துக்கொள்வேன்.

நான் கோவில்பட்டிக்காரன். எங்கள் பக்கம் சண்டைக்கு ஒரு முறை உண்டு. முதலில் வார்த்தை முற்ற வேண்டும், பிறகு குடும்பத்தை இழுக்க வேண்டும், பிறகுதான் வேட்டியை மடித்துக் கட்டுவது. என் அப்பா பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்தார். "ஏலே, என்னைய யாருன்னு நெனச்ச?" என்று அவர் ஸ்பேனரை ஓங்கினால் தெருவே கூடும். "விடுங்கண்ணாச்சி, சின்னப் பய" என்று இடுப்பைக் கட்டிப்பிடிக்க எவனாவது வந்தே தீருவான். அவன் வருகிறவரை அப்பா ஓங்கிய கையோடு நிற்பார். அவர் ஒருவரைக்கூட அடித்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் அவரை மாதிரி வீரன் ஜில்லாவிலேயே இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். பையன்களுக்கு அப்பன்மேல் அப்படியொரு நம்பிக்கை ஒரு வயதுவரை இருக்கும். என் மகன் கார்த்திக்குக்கும் என்மேல் அது இருந்தது. அதைக் கெடுத்துக்கொண்ட கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்கள் ஆபீஸில் வெங்கடேசன் என்று ஒரு கோயம்புத்தூர்க்காரர். ஆன்சைட் வேலை என்று அமெரிக்காவில் மினசோட்டாவில் சில வருஷம் இருந்துவிட்டு, காற்றடித்து மிதக்கவிடும் ஒரு கேனோப் படகோடு திரும்பி வந்தவர். அங்கே அப்பாக்களும் மகன்களுமாகக் காட்டு ஏரிகளுக்குப் போய், துடுப்புப் போட்டு, மீன் பிடித்து, அங்கேயே சுட்டுத் தின்பார்களாம். போன இடத்தில் ஒரு காகிதத் துண்டைக்கூட விட்டுவரக் கூடாதாம். "நம்மூர்ல எவனுக்குங்க அந்த ஒழுக்கம் இருக்குது?" என்பார். அவர் மகன் நிகில், என் கார்த்திக், நாங்கள் இருவர் என்று நாலு பேரும் ஒரு சனிக்கிழமை விடியலில் காரை எடுத்தோம். தண்ணீர் லாரியில் வருகிற ஊரில் பிறந்த எனக்குத் துடுப்பு எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. "பத்திரம், கார்த்திக் உங்களக் காப்பாத்துற மாதிரி ஆயிடப் போகுது" என்று வாசலில் நின்று என் மனைவி கிண்டல் பண்ணினாள்.

நல்லமலைக் காட்டுக்குள் கிருஷ்ணா நதி அகலமாகத் தேங்கி நிற்கிற ஓர் ஒதுக்குப்புறம். தூண்டிலில் ஒரு விரால் மாட்டியது. வெங்கடேசன் அதைக் கேனோவுக்குள் இழுத்துப் போட்டு, பையிலிருந்து ஒரு குண்டாந்தடியை எடுத்து அதன் மண்டையில் ஓங்கி அடித்தார். அது துள்ளியது. மறுபடி அடித்தார். ரத்தம் நிகிலின் முழங்காலில் தெறித்தது, அவன் முகத்தை மூடிக்கொண்டான். "இதுதான் மீனுக்கு வலிக்காத முறை" என்றார் வெங்கடேசன். கார்த்திக், "நேனு கொட்டனா, அங்கிள்?" என்று தடிக்குக் கை நீட்டினான். நான் அடிக்கட்டுமா என்கிறான். ஹைதராபாத்தில் வளர்ந்த பிள்ளை, நான் தமிழில் கேட்டால் தெலுங்கில்தான் பதில் வரும். அவன் ஆசைப்பட்டது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கொஞ்சம் தள்ளி, தண்ணீரில் வரிசையாகக் காலி வாட்டர் பாட்டில்கள் மிதந்தன. "பாத்தீங்களா நம்ம சனங்க லட்சணத்த" என்று வெங்கடேசன் கத்தியை எடுத்தார். ஒவ்வொரு பாட்டிலிலும் நைலான் கயிறு சுற்றியிருந்தது. குப்பையோடு குப்பையாகச் சிக்கியிருக்கிறது என்று நினைத்தோம். அவர் அறுத்தார், நான் பொறுக்கினேன், பையன்கள் சாக்கில் போட்டார்கள். காட்டைச் சுத்தம் செய்த பெருமையோடு கரையேறினோம். அவை ஒரு வலையின் மிதவைகள் என்பதும், வலை மொத்தமும் அடியில் கிடந்த பட்டமரக் கிளைகளுக்குள் போய்விட்டது என்பதும், நாலு பேரில் ஒருவர் புத்திக்கும் எட்டவில்லை.

ஒரு புட்டி வந்தது. நம் பரிசலைத்தான் அங்கே அப்படிச் சொல்கிறார்கள். அதில் மூன்று பேர். இறங்கினார்கள், சாக்கைப் பார்த்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் அடி துடுப்பால் வெங்கடேசனின் காதோடு விழுந்தது, அவர் அப்படியே சரிந்தார். இன்னொருவன் அவருடைய கத்தியையே எடுத்துக் கேனோவைக் கிழித்தான். என் தோளில் விழுந்த அடியில் கை மரத்துப்போனது. "நக்கோ பாய், நக்கோ", வேண்டாம் வேண்டாம் என்று எனக்குத் தெரிந்த ஹைதராபாத் இந்தியையெல்லாம் கொட்டினேன். அது அவர்கள் காதிலேயே ஏறவில்லை. மூன்றாமவன் என் தலைமுடியைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கினான். மூக்கில் சேறு ஏறியது. வெளியே இழுத்தான், பல்லில் குத்தினான், மறுபடி அமுக்கினான். யாராவது வந்து இடுப்பைப் பிடிப்பார்கள் என்று, வெட்கக்கேடு, அப்போதும் நான் காத்துக்கொண்டிருந்தேன். செத்துப்போவேன் என்ற பயத்தைவிட, கார்த்திக் பார்க்கிறானே என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

அவன்தான் வந்தான். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அந்த ஆளின் கையைப் பிடித்துத் தொங்கினான். "கொட்டொத்து அன்னா, கொட்டொத்து." அடிக்காதே என்று தெலுங்கில். அந்தக் கை நின்றது. முடியை மட்டும் விடவில்லை.

"ஏ ஊருரா?" என்று கேட்டான் அவன், மூச்சு வாங்க.

"ஹைதராபாத்" என்றான் கார்த்திக்.

என் தலையை ஒரு உலுக்கு உலுக்கி, "மரி ஈயன?" என்றான். அப்போ இந்த ஆள்?

கார்த்திக் என்னைப் பார்த்தான். என் வாயிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. "தமிழ்நாடு" என்றான். பிறகு மெதுவாக, "ஈயனகேமீ தெலீது, அன்னா" என்றான். இவருக்கு ஒன்றும் தெரியாது.

முடியை விட்டுவிட்டான். நாங்களும் இந்த ஊர் இல்லை, விசாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வந்து இந்தத் தண்ணீரை நம்பிப் பிழைக்கிறோம் என்று அவன் கார்த்திக்கிடம் சொன்னான். அவனிடம் சொல்லும்போது குரல் தணிந்திருந்தது. வலையைத் தேட, பாட்டில்களை அறுத்த இடத்தைக் காட்ட ஆள் வேண்டும் என்றான். கார்த்திக் சாக்கைத் தூக்கிக்கொண்டு அந்தப் புட்டியில் ஏறினான். நான் பதறிப்போய் எழுந்தேன். "கூர்ச்சோ நான்னா" என்றான், உட்காருப்பா என்று. உட்கார்ந்தேன்.

நிகில் தன் அப்பாவின் தலையை மடியில் தாங்கியிருக்க, வெங்கடேசனின் காதில் என் பனியனை அழுத்திப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். நடுத்தண்ணீரில் அந்த மூன்று பேரும் முங்கி முங்கி எழுந்தார்கள். வலையில் மறுபடி கட்ட என் மகன் ஒவ்வொரு பாட்டிலாக எடுத்துக் கொடுத்தான். என்னை அடித்தவன் ஏதோ சொன்னான், கார்த்திக் சிரித்தான். உயிரைக் காப்பாற்றிய பிள்ளைமேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. இப்போதும் ஊரிலிருந்து யாராவது போனில், "பையன் எப்படி இருக்கான், நம்மூர்ப் பிள்ளையாத்தானே வளக்குற?" என்று கேட்டால், நான் அந்தக் கரையில்தான் உட்கார்ந்திருக்கிறேன், அவன் தண்ணீரில் அவர்களோடு இருக்கிறான்.