ஈசானிய மூலையும் என் பட்டறை மேசையும்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன்; பிறகு மற்றவர்களைத் திட்ட வசதியாக இருக்கும். நான் வாடகை வீட்டில் குடியிருப்பவன். அந்த வாடகை வீட்டின் கார் ஷெட்டில் ஒரு பட்டறை மேசையை நிறுத்தி, கான்கிரீட் தரையைத் துளைத்து, நான்கு கால்களையும் கட்டைவிரல் தடிமன் போல்ட்டுகளால் முறுக்கினேன். வீட்டுக்காரரிடம் கேட்கவில்லை. கேட்டால் கூடாது என்று சொல்லிவிடுவாரே, அதனால்தான். இப்படி யோசிக்கிற ஒருவனை எந்த நிறுவனமும் புராஜெக்ட் மேனேஜராக வைத்திருக்கக் கூடாது. மாதாப்பூரில் ஒரு நிறுவனம் வைத்திருக்கிறது.

எல்லாம் ஒரு செருப்பு ஸ்டாண்டில் ஆரம்பித்தது. இணையத்தில் வாங்கிய ஸ்டாண்ட் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காமல் ஊறி, உப்பி, கதவைக் கழற்றி என் மனைவியின் காலிலேயே போட்டது. "நானே செஞ்சு தர்றேன்" என்றேன். வீட்டில் ஆணி அடிக்க வேண்டுமென்றால் எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற குடும்பம் எங்களுடையது. அவள் சிரிக்கக்கூட இல்லை. அந்தச் சிரிக்காத முகம்தான் என்னை உசுப்பிவிட்டது.

அன்றிலிருந்து தச்சுவேலை வீடியோக்கள் பார்க்கத் தொடங்கினேன். அவற்றில் வரும் வெள்ளைக்காரர்களின் கராஜ்களைப் பற்றி எனக்குத் தனியாக ஒரு கோபம் உண்டு. கல்யாண மண்டபம் அளவு இடத்தை வைத்துக்கொண்டு "சின்ன இடத்தில் பட்டறை அமைப்பது எப்படி" என்று பாடம் எடுக்கிறார்கள். என் ஷெட்டில் ஒரு கார் நின்றால் ஓட்டுநர் ஜன்னல் வழியாகத்தான் இறங்க வேண்டும். நல்ல வேளை, எனக்குக் கார் இல்லை. மெட்டுகுடாவில் ஏறி மெட்ரோவில் வேலைக்குப் போகிறவன். கார் இல்லாதவனிடம் கார் ஷெட் இருந்தால் அவன் அதில் என்ன செய்வான்? பட்டறைதான் வைப்பான்.

ஜீடிமெட்லாவில் இயந்திரங்கள் வந்திறங்கிய பெட்டிகளைப் பிரித்து விற்பவரிடம் பைன் பலகை வாங்கினேன். இடித்த வீடொன்றின் தேக்கு நிலைச்சட்டத்தை அறுத்துக் கால்களாக்கினேன். சனத்நகரில் மூடிய ஒரு பட்டறையிலிருந்து இரும்பு வைஸ் ஒன்று கிடைத்தது. பலகையை இறுகப் பிடித்துக்கொள்ளும் அந்தச் சாதனத்தை ஆட்டோவிலிருந்து இறக்கியபோது என் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆறு வார இறுதிகளில் மேசை எழுந்து நின்றது. நின்றது என்பது பாதி உண்மை. ஷெட்டின் தரை வாசல் பக்கம் சரிவு; இழைப்புளியை முன்னால் தள்ளினால் மேசையும் கூடவே நடந்தது. அதனால்தான் போல்ட்.

வைத்த இடம் வடகிழக்கு மூலை. வேறெங்கும் வைக்க முடியாது. அங்கேதான் ஜன்னல் இருக்கிறது, அங்கேதான் பெரிய ப்ளக் பாயிண்ட் இருக்கிறது. வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் நிழல் விழாது, கோடு தெளிவாகத் தெரியும். இதை எனக்குச் சொன்னது என் கண்.

மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாத்தா காலத்தில் வட ஆற்காட்டிலிருந்து இந்தத் தெலுங்கு நாட்டுக்கு வந்த குடும்பம். தமிழ்தான் பேசுவார், நடுநடுவே தக்காண உருது எட்டிப் பார்க்கும். அவருக்கு ஒரே மகள். அந்தப் பெண்ணை அவளுடைய கம்பெனி அமெரிக்காவுக்கு அனுப்பத் தயாராக இருந்தது. விசா மட்டும் இரண்டு முறை மறுக்கப்பட்டிருந்தது. மூன்றாவது நேர்காணலுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை காலை அவர் கையில் செல்போனை ஏந்தி, அதில் திசைகாட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு என் ஷெட்டுக்குள் நுழைந்தார்.

"கைக்கு தம்பி, இவ்ளோ வெயிட்ட இங்க கொண்டாந்து வெச்சே?" அவருடைய உருதுவில் 'கைக்கு' என்றால் 'ஏன்'.

"வெளிச்சம் சார். ஜன்னல் இங்கதான இருக்கு."

"இது ஈசானிய மூல. காலியா இருக்கணும். துடைப்பம்கூட வெக்கக் கூடாது. நீ மலைய வெச்சிருக்கே." குனிந்து போல்ட்டுகளைப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. "ஓட்ட வேற போட்டியா?"

இந்த ஊரில் வீடு வாங்குகிறவர்கள் தண்ணீர் வருமா என்று கேட்பதற்கு முன் வாசல் எந்தத் திசை என்று கேட்பார்கள். வடகிழக்கில் கனம் கூடாது, தென்மேற்கில்தான் கனம் இருக்க வேண்டும் என்பது சாலை விதிகளைவிடக் கறாராகப் பின்பற்றப்படும் சட்டம். அதெல்லாம் எனக்குத் தெரியும். என் மேசைக்கும் அமெரிக்க விசாவுக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

"ரெண்டாவது தடவ ரிஜெக்ட் ஆச்சே, எப்ப? நீ இந்த டேபிள் வெச்ச அதே மாசம்."

"முதல் தடவ ரிஜெக்ட் ஆனப்ப நான் இந்த வீட்டுக்கே வரலையே சார்! சென்னைல இருந்தேன்!"

"ஹவ்" என்று ஒப்புக்கொண்டார். உருதுவில் ஆமாம். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். "அப்போ அந்த மூலைல பழைய வாஷிங் மெஷின் இருந்துச்சு."

இப்படிப்பட்டவரிடம் என்னதான் பேசுவது? முதல் முறை விசா மறுத்ததற்குக் காரணம் கம்பெனிக் கடிதம் ஒன்று இல்லாததுதான் என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்தக் கடிதத்தை யாரும் குற்றம் சொல்லவில்லை. வாஷிங் மெஷினைத் தூக்கிப் போட்டார்கள். இப்போது என் மேசை.

"வர்ற செவ்வாய்க்கு அடுத்த செவ்வா இன்டர்வியூ. அதுக்குள்ள இத நைருதிக்கு மாத்து. தென்மேற்கு. இல்லன்னா ஷெட்ட காலி பண்ணிக் குடு. வீட்டுல எத்தன வருஷம் வேணாலும் இரு, எனக்கு ஒண்ணும் இல்ல."

"அந்த மூலைல லைட் இல்ல, ப்ளக் இல்ல. பாத்ரூம் செவுரு ஈரம் வேற கசியுது சார்."

"நக்கோ தம்பி, வேணாம். பேசாத."

அன்று முழுவதும் குமுறினேன். சூரியன் யாரிடம் வாஸ்து கேட்டு உதிக்கிறது? தச்சுவேலை செய்கிறவன் இருட்டில் உட்கார வேண்டும், காலி மூலைக்கு மட்டும் ஜன்னல் வெளிச்சமா? இதையெல்லாம் மனைவியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் புள்ள போகணும்ல. மேசை இந்தப் பக்கம் இருந்தா என்ன, அந்தப் பக்கம் இருந்தா என்ன? உங்களுக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

"வெளிச்சம் போயிரும்டி."

"வெளிச்சம் இருந்தப்ப மட்டும் என்னத்தச் செஞ்சு கிழிச்சீங்க? செருப்பெல்லாம் இன்னும் வாசல்லதான் கெடக்கு."

இந்த இடத்தில் என் இரண்டாவது முட்டாள்தனம் வருகிறது. இதை மறைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். சிந்திய ஆணிகளைப் பொறுக்க என்னிடம் பெரிய காந்தம் ஒன்று உண்டு. மறுநாள் அதை மேசை மேல் ஒரு செய்தித்தாளுக்கு அடியில் வைத்துவிட்டு, வீட்டுக்காரரை மரியாதையாகக் கீழே கூப்பிட்டேன்.

"சார், எனக்கு ஒரு சந்தேகம். நீங்க நேத்து திசை பாத்தது சரிதானா? இப்படி டேபிள் மேல சமமா வச்சுப் பாருங்க."

செல்போனை வைத்தார். முள் தடுமாறி, சுற்றி, என் மேசை தென்மேற்கில் இருப்பதாகவே சத்தியம் செய்தது. நான் முகத்தை முடிந்தவரை அப்பாவியாக வைத்துக்கொண்டேன். அவர் செல்போனைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்துச் செய்தித்தாள் மேல் மெதுவாக வைத்தார். சாவி டக்கென்று நகர்ந்து போய் ஒட்டிக்கொண்டது.

"முப்பத்தாறு வருஷம் ஒர்க்‌ஷாப்ல இருந்தேன் தம்பி" என்றார். கோபமே இல்லை. அதுதான் அசிங்கமாக இருந்தது. சாவியைப் பிய்த்தெடுத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டார்.

அன்று மாலை அவர் மகள் வந்தாள். தமிழ் புரியும், வாயில் வருவது ஆங்கிலமும் தெலுங்கும்தான். "அங்கிள், ப்ளீஸ். ஐ நோ இட்ஸ் ஸில்லி" என்றாள். இந்த முறையும் மறுத்தால் கம்பெனி இன்னொரு முறை அனுப்பாது, அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்றாள். அப்பா இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். அவளுக்கும் இதில் நம்பிக்கை இல்லை என்று தெரிந்ததும் எனக்குக் கோபம் இரட்டிப்பானது. நம்பிக்கை இல்லாதவர்களுக்காகவும் நான் மேசையைத் தூக்க வேண்டுமா? "சரிம்மா" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போல்ட்டுகளைக் கழற்றினேன். மேசையைத் தள்ளினேன். என் செருப்பு மட்டும் பின்னால் வழுக்கியது. மனைவியைத் துணைக்குக் கூப்பிட்டேன். இரண்டு பேராகத் தள்ளினோம். அரை அடி நகர்ந்தது, அதுவும் தவறான பக்கம். மாடிப் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. கடப்பாரையோடும் மூன்று துண்டு இரும்புக் குழாய்களோடும் இறங்கி வந்தார்.

"தள்ளாத! தள்ளாத! மாட்டயா தள்றே? ரயில் பெட்டியவே தூக்கி சக்கரத்து மேல வெச்சவன் நானு. நவுரு!"

கடப்பாரையால் ஒரு பக்கத்தை நெம்பினார். குழாயை உள்ளே செருகும் வேலை எனக்கு. என் பிறவிப் பகைவனான அந்தத் தரைச் சரிவைக்கூட அவர் சமாளித்துவிட்டார். பின்னால் வெளிவரும் குழாயை எடுத்து முன்னால் போடும் வேலை என் மனைவிக்கு. ஆறு வாரம் நான் வேர்வை சிந்தி நிறுத்திய மேசை, தேர் மாதிரி அசைந்து, கால் மணி நேரத்தில் தென்மேற்கு மூலைக்குப் போய்ச் சேர்ந்தது. என் மேசை எனக்கு எதிராக அவ்வளவு சுமுகமாக ஒத்துழைத்ததை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. காலியான மூலையில் நான்கு ஓட்டைகள் வாய் பிளந்து கிடந்தன. அவற்றை அவரே சிமெண்ட் குழைத்துப் பூசினார். பூசும்போது என்னைப் பார்க்கவில்லை.

இனி தென்மேற்கு மூலையின் மகிமை. ஷெட்டின் நடுவில் தொங்கும் ஒரே விளக்கு எனக்கு முதுகுப் பக்கம்; அதைப் போட்டால் என் தலையின் நிழல் நான் போட்ட கோட்டின் மேலேயே விழுகிறது. ப்ளக்குக்கு ஷெட்டின் குறுக்கே ஒயர் இழுத்திருக்கிறேன். நாளுக்கு இருமுறை அதில் தடுக்கிக்கொள்கிறேன். பாத்ரூம் சுவரின் ஈரத்தில் என் புது உளிகள் துருப்பிடிக்கத் தொடங்கின. திங்கட்கிழமை காலை செருப்பு ஸ்டாண்டின் பக்கப் பலகையை அறுத்தேன். என் நிழலின் ஓரத்தைக் கோடு என்று நினைத்து ஒரு விரல் அளவு உள்ளே தள்ளி அறுத்திருக்கிறேன். பலகை போச்சு. ஜன்னலடியில் காலி மூலை பளபளவென்று வெளிச்சத்தில் குளித்துக்கொண்டிருந்தது, எந்த உபயோகமும் இல்லாமல்.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்குள் ஓர் ஆசை எழுந்தது. அதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. இந்த முறையும் விசா வரக் கூடாது என்று ஆசைப்பட்டேன். ஒரு பெண்ணின் வேலையும் ஒரு தகப்பனின் சாப்பாடும் ஒரு பக்கம். மறுபக்கம் நான் சொன்னதுதான் சரி என்ற என் அற்ப வெற்றி. என் மனம் சற்றும் தயங்காமல் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோதுதான் வெட்கம் வந்தது. அவசரமாக வேண்டுதலை மாற்றிக்கொண்டேன். இரண்டையும் கேட்ட கடவுள் குழம்பியிருப்பார்.

நான் வீடு திரும்பி கேட்டைத் திறப்பதற்குள் அந்தப் பெண் படிகளில் தடதடவென்று இறங்கி வந்தாள். "அங்கிள், வச்சேசிந்தி! வச்சேசிந்தி!" வந்துவிட்டதாம். என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். நான் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன், யாரும் நம்பாவிட்டாலும்.

பின்னாலேயே வீட்டுக்காரர் லட்டுப் பெட்டியோடு வந்தார். கண் கலங்கியிருந்தது. என் வாயில் அவரே ஒரு லட்டை வைத்தார். "பாத்தியா தம்பி?" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்குள் வாஸ்து சாஸ்திரம் முழுவதும் இருந்தது. பொண்ணு இந்த முறை எல்லாக் காகிதத்தையும் ஒழுங்காகக் கொண்டுபோனாள் சார், அந்தக் கடிதம் இந்த முறை இருந்தது சார் என்றெல்லாம் சொல்ல நினைத்தேன். வாயில் லட்டு இருந்தது. நெய் லட்டு.

விழுங்கி முடித்ததும் ஒரு நல்ல யோசனை வந்தது. அவர் இப்போது மகிழ்ச்சியில் இருக்கிறார். விசா கைக்கு வந்துவிட்டது. இனி அந்த மூலை எப்படி இருந்தால் என்ன? என் குரலை எவ்வளவு குழைக்க முடியுமோ அவ்வளவு குழைத்தேன்.

"சார், ரொம்ப சந்தோஷம். பாப்பாவுக்குத்தான் எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சே. மேசைய மறுபடி ஜன்னல் பக்கமே போட்டுக்கட்டுமா?"

அவர் பெட்டியை மூடினார்.

"கிரீன் கார்டு வரட்டும்."