பி பிளாக்குக்கு வந்த லோரி

மழை பெய்து மூன்று மாதமாகியிருந்தது. அணையில் நீர் வற்றிவிட்டதென்று, கிள்ளானில் மேரு பக்கம் இருந்த எங்கள் அடுக்குமாடிக்கு இரண்டு நாள் தண்ணீர், இரண்டு நாள் காற்று என்று முறை வைத்திருந்தார்கள். நான்காம் மாடியில் இருந்த எங்களுக்கு முறை நாளிலும் குழாயில் காற்றுதான் வந்தது.

அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுது. வீட்டிலேயே ஒரு நாளைக்கு நான்கு முறை வயிற்றுக்குள் மருந்துநீரை ஏற்றி இறக்குவார். ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கிருமி புகுந்தால் உயிருக்கே ஆபத்து. தண்ணீர் பிடித்து வைத்திருந்த தோங் என்ற நீல நிறப் பீப்பாயின் அடியை எட்டிப் பார்ப்பதே அப்போது எனக்கு வேலை. எனக்கு ஒன்பது வயது.

எங்களோடு இருந்த அத்தைக்குத் தண்ணீர் அலுவலகத்தில் தொலைபேசியில் புகார் கேட்கும் வேலை. "என்னக்கா, தண்ணிய உங்க ஆபீஸ்லயே ஒளிச்சு வச்சிட்டீங்களா லா?" என்று அக்கம்பக்கத்தார் லிப்டில் கேட்பார்கள். சிரித்து வைப்பார்.

ஒரு பள்ளி விடுமுறை நாள் காலை. அம்மா கையுறைத் தொழிற்சாலைக்குப் போயிருந்தார். அப்பா அரைக் குவளைத் தண்ணீரில் கை கழுவியதைப் பார்த்தேன். சுவரில் ஒட்டியிருந்த புகார் எண்ணுக்கு அழைத்தேன். நெடுநேரம் பாட்டு ஓடியபின் ஒரு குரல் மலாய் மொழியில் வணக்கம் சொன்னது. அத்தையின் குரல்!

"அத்தை, நான்தான். அப்பாவுக்குக் கை கழுவத் தண்ணி இல்ல."

"எந்த பிளாக்குங்க?" என்றார், யாரோ தெரியாதவரிடம் பேசுவது போல.

"நம்ம பி பிளாக்தான் அத்தை!"

"சரிங்க. எழுதிக்கிட்டேன்." வைத்துவிட்டார். நான் அழுதேன்.

ஒரு மணி நேரத்தில் தண்ணீர் லோரி வந்தது. காலையிலிருந்து வாளிகளோடு வரிசையில் நின்ற ஏ பிளாக்கைத் தாண்டி எங்கள் பிளாக் வாசலில் நின்றது. அங்கிருந்து கைக்குழந்தையோடு ஒரு பெண் ஓடிவந்தார்.

"அண்ணே, இன்னிக்கு எங்க பிளாக்குன்னு தானே சொன்னாங்க?"

"இப்பதான் மாத்திச் சொன்னாங்கக்கா. நான் என்ன செய்ய?" என்றார் ஓட்டுநர்.

லோரி எங்களிடமே காலியானது. அப்பா விரலிடுக்கெல்லாம் நுரை பொங்கக் கை கழுவினார்.

மாலையில் அத்தை வந்ததும், "உங்க ஆபீஸ் ரொம்ப நல்ல ஆபீஸ்!" என்றேன். அவர் இரண்டு வாளி நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஏ பிளாக்குக்குப் போனார். வெறும் வாளிகளோடு திரும்பி, உடைகூட மாற்றாமல் சமையலறையில் உட்கார்ந்துவிட்டார். சுமந்த களைப்பு என்று நினைத்து, ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார். குடிக்கவில்லை.